நாற்பத்தொன்பதாம் நாள்

காஞ்சிபுரத்தில் 48 என்ற எண்ணை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2019 ஜூலை 1ஆம் தேதி, 40 ஆண்டுகளுக்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதர், 31 நாள் சயனக் கோலத்திலும் 17 நாள் நின்ற கோலத்திலும் காட்சி தந்து, ஆகஸ்ட் 17ஆம் தேதியோடு மறுபடி நீருக்குள் சென்றார். மொத்தம் 48 நாள், ஒரு மண்டலம். ஊரில் எந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தாலும் அதன்பின் மண்டலாபிஷேகம் 48 நாள். சித்த வைத்தியர் சூரணம் மடித்துக் கொடுக்கும்போது, "ஒரு மண்டலம் விடாம சாப்பிடுங்க" என்பார். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு அதுவே 41 நாள். கணக்கு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: நாள் தவறாமல் ஆறேழு வாரம் ஒன்றைச் செய்தால் உடம்பும் மனசும் அதற்குப் பழகிவிடும்.

இந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அடுத்த நாளைப் பற்றி. மண்டலம் முடிந்த மறுநாளைப் பற்றி.

கார்த்திகை முதல் தேதி காலையில் நடப்பதைப் பாருங்கள். இருபது வருடமாகத் தினமும் குடித்தவர் குளித்துவிட்டு வந்து குருசாமி கையால் மாலை போட்டுக்கொள்கிறார். அன்றிலிருந்து குடி இல்லை, பீடி இல்லை, கறி மீன் இல்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், காலில் செருப்பு கிடையாது. மருத்துவமனையில் ஆலோசகர்கள் மாதக்கணக்கில் முயன்றும் கிடைக்காத மாற்றம் ஒரே காலைப்பொழுதில் கிடைத்துவிடுகிறது. ஆறு வாரம் அந்த வீட்டில் சண்டை இல்லை. பிள்ளைகள் அப்பாவின் மடியில் உட்காருகிறார்கள். பிறகு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறார்கள். அன்று மாலையோ மறுநாளோ அவர்களில் பலர் பழைய இடத்தில், பழைய நண்பர்களோடு இருக்கிறார்கள்.

இதற்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, அவருக்கு உண்மையான பக்தி இல்லை என்பது. மற்றது, அவருக்கு மனஉறுதி போதாது என்பது. இரண்டுமே தவறு என்று நினைக்கிறேன். 41 நாள் ஒருவர் குடிக்காமல் இருந்தார் என்றால் அவரிடம் உறுதியும் இருந்தது, பக்தியும் இருந்தது. மாலையோடு சேர்ந்து வேறேதோ கழன்றுபோனது. அது என்னவென்று தெரிந்துகொண்டால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும்.

முதலில் நாள் கணக்கைத் தீர்த்துவிடலாம். 21 நாளில் எந்தப் பழக்கமும் மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க உலவுகிறது. அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு நூல். அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். முகம் பழகுவது வேறு, பழக்கம் மாறுவது வேறு. இதை நேரடியாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. 2010இல் வெளியான அவருடைய ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் சிறிது நேரம் ஓடுவது என்று ஆளுக்கொரு சின்னக் காரியம். 12 வாரம் தினமும் குறித்து வைத்தார்கள். அந்தக் காரியம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர ஆன நாட்களின் இடைநிலை மதிப்பு 66. எளிதாகப் பிடித்தவருக்கு 18 நாள். மெதுவாகப் பிடித்தவருக்கு, வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டால், 254 நாள்.

நம் மண்டலம் இந்த எல்லைக்குள்தான் விழுகிறது. சிலருக்கு 48 போதும், பலருக்குப் போதாது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் பெரிய சேதமில்லை. விரதம் இருக்கிற நமக்கு இது விசித்திரமாகப் படும், பின்னால் இதற்குத் திரும்புவேன்.

இனி தறிக்குப் போவோம். பழக்கம் எப்படி ஊறுகிறது என்பதைக் காஞ்சிபுரத்தில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியின் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கால் மிதியை அழுத்துகிறது, பாவு பிரிந்து வழி விடுகிறது, நாடா பாய்கிறது, அச்சு வந்து ஊடையை இறுக்குகிறது. கோர்வைச் சேலை என்றால் இதில் இன்னொரு ஆளும் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரையின் நாடாவும் உடலின் நாடாவும் ஒவ்வொரு வரியிலும் சந்தித்து ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா. நெசவாளரும் பக்கத்தில் கோர்வை போடுகிறவரும் பேசிக்கொள்ளவே இல்லை. வானொலியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கைகள் தங்கள் போக்கில் வேலை செய்தன.

இந்த அனிச்சை எங்கிருந்து வந்தது? தறி ஒவ்வொரு வரியிலும் பதில் சொல்கிறது. நாடா சரியாகப் பூட்டினால் கரை நேர்கோடாக நிற்கிறது. பிசகினால் அடுத்த அச்சடியிலேயே கண்ணில் குத்துகிறது. கைமேல் பலன் என்று நாம் சொல்வது இதைத்தான். உளவியலில் இதற்கு வலுவூட்டல் என்று பெயர். செய்ததற்கு உடனே ஒரு நல்ல பலன் கிடைத்தால் அந்தச் செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டில் வைத்துக் காட்டியது இதையே. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்த பூனை வெளியே வந்து இரை தின்றது. மறுமுறை கொஞ்சம் சீக்கிரம் திறந்தது, அதற்கடுத்த முறை இன்னும் சீக்கிரம்.

உடனே என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தபோது அந்த அணுக்கள் துள்ளின. சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்குக்குப் பழகிய பிறகு, சாறு வந்தபோது அவை சும்மா இருந்தன, விளக்கு எரிந்தபோதே துள்ளின. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், அது வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் அவற்றின் ஓசை அடங்கிப்போனது. மூளை எதிர்பார்ப்பையும் கிடைத்ததையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தால், அதற்குச் சற்று முன் என்ன செய்தோம், என்ன பார்த்தோம் என்பதை அழுத்தமாகப் பதிகிறது. பலன் பத்து நாள் கழித்து வந்தால் அதை எந்தச் செயலின் கணக்கில் எழுதுவது என்று அந்த அணுக்களுக்குத் தெரியாது.

இப்போது அதே நெசவாளரின் கூலியை நினைத்துப் பாருங்கள். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்க வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். சங்கத்திலோ முதலாளியிடமோ சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் கூலி. அதிலும் முன்பணத்துக்குப் பிடித்தம் போகும். நாளெல்லாம் குழியில் கால் வைத்து உழைத்தவருக்கு அன்று சாயங்காலம் கையில் வருவது ஒன்றுமில்லை. மாறாக ஒரு குவார்ட்டர் பத்து நிமிடத்தில் பலன் தருகிறது. முதுகு வலி மறக்கிறது, கடன் மறக்கிறது, சிரிப்பு வருகிறது. அதன் தண்டனை மறுநாள் காலைதான் வரும், ஈரல் கெட்டுப்போவதற்கு வருடங்கள் ஆகும். நல்லது செய்தால் பலன் தாமதம், கெட்டது செய்தால் பலன் உடனடி. இந்தத் தராசில் நிற்கிறவரைப் பார்த்து மனஉறுதி இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

தினசரி என்பதன் பலத்தை நம் ஊரில் நன்றாகப் புரிந்துகொண்டவர் தண்டல்காரர். மாதம் மூவாயிரம் கட்டு என்றால் கட்ட முடியாதவரிடம் அவர் தினம் நூறாக வாங்கிவிடுகிறார். தொகை சின்னது, வருகிற நேரம் மாறாது, முகத்துக்கு நேராக நோட்டில் குறிக்கிறார். வட்டியை விட்டுத்தள்ளுங்கள், இந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் அடைக்க வேலை செய்கிற முறை, பழக்கத்தை மாற்றவும் வேலை செய்யுமா?

சென்னையில் அதைச் செய்து பார்த்தார் ஒருவர். ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார ஆய்வாளர். 2019இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியான அவருடைய ஆய்வு, பழக்கத்தைப் பற்றித் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளிகள். நாளுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் சம்பாதிப்பவர்கள், பகலிலேயே குடிக்கிறவர்கள். மூன்று வாரம் தினமும் மாலையில் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து ஒரு கருவியில் ஊத வேண்டும். ஒரு பகுதியினருக்கு ஊதிய முடிவு எதுவானாலும் 90 ரூபாய். இன்னொரு பகுதியினருக்கு, குடித்திருந்தால் 60, குடிக்காமல் வந்தால் 120. ஊதிய கையோடு பணம். கூடவே ஆளுக்கொரு சேமிப்புப் பெட்டியும் அங்கேயே வைத்திருந்தார்கள். விரும்பினால் அன்றைய காசில் கொஞ்சம் அதில் போடலாம்.

அறுபது ரூபாய் வித்தியாசத்துக்காக ஒருவர் குடியை விடுவாரா என்று கேட்கத் தோன்றும். முழுக்க விடவில்லை, இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இரவில் குடித்தவர்கள் உண்டு. மொத்தக் குடி பெரிதாக மாறவில்லை. ஆனால் பகல் குடி கண்கூடாகக் குறைந்தது, ஊதிய கருவி அதைக் காட்டியது. அதைவிட வியப்பு சேமிப்பில். குடிக்காமல் வரப் பணம் பெற்றவர்களின் சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. வருமானத்திலும் சாராயச் செலவிலும் வந்த மாற்றம் மட்டும் அதை முழுக்க விளக்கவில்லை. மீதி எங்கிருந்து வந்தது? தெளிந்த தலையோடு பெட்டி முன்னால் நின்றவர் நாளையைப் பற்றி யோசித்தார். குடி பணத்தை மட்டும் பறிக்கவில்லை, நாளை என்ற ஒன்றையே கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். குடிக்காமல் வந்தால் மட்டும் முழுப் பணம் என்ற ஏற்பாடு வேண்டுமா, எப்படி வந்தாலும் பணம் என்ற ஏற்பாடு வேண்டுமா என்று அவர்களிடமே கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், கையில் வருகிற காசு குறைந்தாலும் பரவாயில்லை, எங்களைக் கட்டுப்படுத்துகிற ஏற்பாடே வேண்டும் என்றார்கள். நாள் முழுக்க வண்டி மிதித்துச் சம்பாதிக்கிற ஏழைகள், குடியிலிருந்து தப்பிக்கத் தங்கள் காசைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். குடிக்கிறவனுக்கு விட மனசில்லை என்று பேசுவதை இந்த ஒரு முடிவுக்குப் பிறகு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன்பே, 1991இல், அமெரிக்காவின் வெர்மாண்டில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர் கொக்கேய்ன் பழக்கமுள்ளவர்களிடம் இதே வழியைப் பயன்படுத்தியிருந்தார். சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கூப்பன், அதைக் கொண்டு நல்ல பொருள் வாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் கூப்பனின் மதிப்பு படிப்படியாக ஏறும். தவறினால் முதல் படிக்கு இறங்கும். ஆனால் மறுபடி சில சோதனைகள் தொடர்ந்து சுத்தமாக வந்தால் விட்ட படியிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

சரி, 49ஆம் நாளுக்கு வருவோம். பலனை நிறுத்தினால் என்ன ஆகும்?

மார்கழியில் இதைச் சின்ன அளவில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பள்ளிக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற பிள்ளை, மார்கழி முப்பது நாளும் பனியில் எழுந்து குளித்து பஜனைக்கு ஓடுகிறது. முடிவில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் இருக்கிறது, நண்பர்கள் கூட்டம் இருக்கிறது. தை பிறந்த சில நாளில் பழைய தூக்கம். இங்கே பொங்கல் மட்டும் நிற்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியும் வாசல் கோலமும் கூட வருகிற கூட்டமும் எல்லாமே சேர்ந்து நின்றுவிட்டன.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையின் அடியாழத்தில், பழக்கங்கள் குடியிருக்கும் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியில், நரம்பணுக்களின் பேச்சைப் பதிவு செய்தார். எலி ஒரு பாதையில் ஓடி, ஒலியைக் கேட்டு இடமோ வலமோ திரும்பினால் சாக்லேட். புதிதில் ஓட்டம் முழுக்க அணுக்கள் பேசின. பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பேசின, நடுவில் அமைதி. பாதை முழுவதையும் மூளை ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டது. 2005இல் நேச்சர் இதழில் அவருடைய குழு எழுதிய முடிவு இது: சாக்லேட்டை நிறுத்தியதும் அந்தப் பொட்டலம் மெல்லக் குலைந்தது. மறுபடி சாக்லேட் கொடுத்தபோது, புதிதாகக் கற்க வேண்டிய தேவையே இல்லாமல், பழைய பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது.

பழைய பழக்கம் அழிவதில்லை. இதை வலியோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அழித்துவிட்டோம் என்று நம்பி ஏமாந்த குடும்பங்கள் நிறைய. புதுப் பழக்கம் அதன்மேல் படிகிறது, அவ்வளவே. அந்தப் புதுப் படிவோ அது கற்ற இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலங்குகளில் இதை விரிவாக ஆராய்ந்தவர் மார்க் பூட்டன். ஓரிடத்தில் மறக்கடித்த பயமோ ஆசையோ, விலங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனதும் தலைதூக்குகிறது.

மாலை போட்டவரின் சூழலைப் பாருங்கள். உடுப்பு மாறுகிறது, வெறுங்கால், தாடி. ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு "சாமி" என்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போவதற்கு ஓர் இடம், கூடிப் பாட ஒரு குழு. தெருவில் போனால் கிடைக்கும் மரியாதை ஒவ்வொன்றும் அன்றன்றைக்கான பலன். ஒரு நாளைக்கு நூறு முறை அவருக்கு வலுவூட்டல் கிடைக்கிறது. நான் படித்த எந்தச் சிகிச்சைத் திட்டமும் இவ்வளவு அடர்த்தியாகக் கொடுத்ததில்லை. பிறகு ஒரே நாளில் அத்தனையும் நின்றுபோகிறது. உடுப்பு பழையது, தெரு பழையது, கூப்பிடுகிற பெயர் பழையது. 41 நாள் கற்ற படிவு கறுப்பு வேட்டியோடு பெட்டிக்குள் போய்விடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்மை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் தேடித்தேடி விசாரித்தார். முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். பழக்கம் பிறந்த சூழல் அங்கே கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது. நம்மவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அதே தறிக்கு, அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

அப்படியானால் நிற்கிற மாற்றம் எது? மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் ரேஷ்மான் ஹுசாமும் கூட்டாளிகளும் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள். பல வீடுகளுக்குத் திரவ சோப்புப் பெட்டி கொடுத்தார்கள். எந்த நேரத்தில் அழுத்தினார்கள் என்பதைப் பதிகிற கருவி அதற்குள். சில வீடுகளுக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிய ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுகள். சீட்டு சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கலாம். சீட்டு கிடைத்தபோது கை கழுவுவது கூடியதில் வியப்பில்லை. சீட்டை நிறுத்திய பிறகும், மாதங்கள் கழித்தும், அந்த வீடுகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கழுவிக்கொண்டிருந்தன.

ரிக்‌ஷாக்காரர்களின் நல்ல நாட்கள் ஆய்வு அலுவலகத்தின் வாசலில் கட்டப்பட்டிருந்தன. இவர்களுடையது சொந்த வீட்டில், தினமும் எப்படியும் வரப்போகிற இரவுச் சாப்பாட்டில் கட்டப்பட்டது. ஆய்வாளர்கள் போனாலும் சாப்பாடு நிற்கவில்லை. என் தீர்ப்பு இது: புதுப் பழக்கத்தைத் தனியாக நிறுத்தக் கூடாது, வாழ்க்கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு பிணைக்க வேண்டும்.

நெசவாளர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவிப் போடுவதில்லை. அப்படிச் செய்தால் ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கும். பழைய இழைகளின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறார்கள். பொறுமை கேட்கிற வேலை. முடிந்ததும் மெல்ல இழுத்தால் பழைய இழை போன வழியிலேயே புதுசு உள்ளே வருகிறது.

குடியிலும் அப்படி விட்டுவைக்க வேண்டிய நுனிகள் உண்டு. ஏழு மணிக்குத் தறியை விட்டு எழுந்ததும் காலாற வெளியே நடக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், உடம்பு தளர வேண்டும். இவை நியாயமான தேவைகள். தொடக்கமும் முடிவும் அப்படியே இருக்கட்டும், நடுவில் இருக்கிற புட்டியை மட்டும் மாற்ற வேண்டும். நடக்கும் தெருவை மாற்ற முடிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். மாலை போட்ட காலத்தில் கூடிய குழுவே தை, மாசியிலும் வாரத்தில் சில நாள் அதே ஏழு மணிக்குக் கூடினால் அதைவிட நல்ல மருந்து இல்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்களுடைய கணக்கின் அலகு.

பலன் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். குடிக்காத நாளின் குவார்ட்டர் காசை அன்றிரவே, பிள்ளைகள் பார்க்க, ஓர் உண்டியலில் போடுவது சின்னக் காரியமாகத் தெரியும். சென்னையின் அந்தச் சேமிப்புப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைந்ததும் அவருக்கே பிடித்த ஒன்றை வாங்க வேண்டும், கடனுக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. சில மாதம் கழித்து, தினசரிப் பலனை இடைவெளி விட்டு, எதிர்பாராத நாளில் கொடுக்கலாம். எப்போது வரும் என்று தெரியாத பலனால் ஊறிய செயல் எளிதில் விட்டுப்போவதில்லை என்று உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

வீடுகளில் தெரியாமல் நடக்கிற ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வந்த அன்று வீடு முழுக்க அவரைக் கவனிக்கிறது. அழுகை, சண்டை, மாமியார், அண்ணன், பஞ்சாயத்து. குடிக்காமல் வந்த அன்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கே பேச்சை எடுத்தால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அடிபட்ட பெண்ணிடம் போய் நீ பாராட்டு என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் வீட்டில் யாராவது ஒருவர், அப்பாவோ தம்பியோ, நல்ல நாளை நல்ல நாள் என்று அன்றே சொன்னால் அது அவருக்குப் பலன். பத்து நாள் கழித்துச் சொன்னால் வெறும் பேச்சு.

தவறிய நாளைப் பற்றி. விரதம் ஒருமுறை முறிந்தால் முழுக்கக் கெட்டது என்பது நம் நம்பிக்கை. ஒரு நாள் குடித்துவிட்டவர், "அதான் கெட்டுப்போச்சே" என்று மாலையையே கழற்றிவிடுகிறார். தெய்வத்துக்கான விரதத்தில் அந்தக் கண்டிப்பு இருக்கட்டும். பழக்கத்தை மாற்றும்போது லாலியின் கணக்கையும் ஹிக்கின்ஸின் படியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு நாள்தான் போனது.

மருத்துவச் செய்தி ஒன்று, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் அதிகமாக, காலையிலேயே குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். அவர்கள் மாலை போடுவதற்கு முன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வர வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற சிகிச்சை மையங்கள் உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒரு வார்த்தை. சேலை முடிந்து கூலி என்ற வழக்கம், கணக்கு எழுதுவதும் காசு எண்ணுவதும் கடினமாக இருந்த காலத்தில் வந்தது. இன்று செல்போனில் பத்து ரூபாயும் நொடியில் போகிறது. நெய்த முழத்துக்கு அன்றன்றே ஒரு சிறு பகுதியை நெசவாளரின் கணக்கில் ஏற்றினால், காலையிலிருந்து உழைத்த உழைப்புக்கு அன்று மாலையே பதில் கிடைக்கும். ஒரே ஒரு சங்கம், ஒரே ஒரு மண்டலம், 48 நாள் இதைச் செய்து பார்க்கட்டும்.

வரும் தையில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது மாலையைக் கழற்றினால், அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள், கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பிள்ளையின் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுங்கள். இன்னும் சில நாளைக்கு அவரை "சாமி" என்றே கூப்பிடுங்கள்.